ஐஸில் நொதி சாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், "ஐஸ் பட்டதும் மீனில் உள்ள நொதிகள் செத்துவிடும், குடலை எடுக்காமலே இரண்டு நாள் வைக்கலாம்" என்று ஒரு வரி வந்தது. பரமக்குடியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் அதை நம்பி மூன்று கிலோ சாளையை அப்படியே ஐஸ் பெட்டியில் போட்டு வைத்தார். மறுநாள் மாலை திறந்தால் பாதி மீனுக்கு வயிறு கிழிந்து குடல் வெளியே கிடந்தது. மாமியார் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நான் முப்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். நொதி என்ன உயிரா ஐயா, சாவதற்கு? அது புரதம். இரையைச் செரிக்க மீன் குடலில் இருக்கும் நொதி, மீன் செத்த பிறகும் ஓய்வதில்லை. வயிற்றுச் சுவரையே அரித்துவிடும். நிறைய இரை தின்ற சாளைக்கு இன்னும் சீக்கிரம் வயிறு உடையும். ஐஸ் அந்த வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

நொதி ஒரு வினையூக்கி, அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் பொருள். அது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கரையில் நிறுத்தித்தான் சொல்வேன். மணலில் வள்ளத்தைச் சும்மா தள்ள பத்துப் பேர் வேண்டும், அடியில் உருட்டுக் கட்டை போட்டால் நாலு பேர் போதும். வள்ளம் கடலுக்குப் போய்விடும், கட்டை கரையிலேயே கிடக்கும், அடுத்த வள்ளத்துக்கும் அதே கட்டைதான். நொதியும் வினை தொடங்கத் தேவையான ஆற்றலைக் குறைத்துவிட்டு, தான் செலவாகாமல் நிற்கிறது.

எங்கள் பள்ளியில் ஆய்வகம் என்பது பூட்டிய அறை. மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி உருளைக்கிழங்குத் துண்டில் ஊற்றிக் காட்டினேன். பச்சைத் துண்டு பொங்கி நுரைத்தது, அதிலுள்ள கேட்டலேஸ் நொதியின் வேலை. ஐஸில் கிடந்த துண்டில் நுரை மெல்ல வந்தது. வேகவைத்து ஆறிய துண்டில் ஒரு குமிழிகூட இல்லை. நொதியின் உருவைக் குலைப்பது கொதிப்புதான், குளிர் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது இது.

இது முதல் தடவையும் இல்லை. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது இனிப்புக்காக என்று முன்பு எழுதினீர்கள். ஈஸ்ட்டின் நொதிகள் சர்க்கரையைக் கள்ளாக மாற்றிவிடாமல் தடுக்கத்தான் சுண்ணாம்பு. சாயல்குடிப் பக்கம் பனையேறுகிற யாரைக் கேட்டாலும், புளிக்காமல் இருக்கத்தான் என்பார்கள். அப்போது நான் எழுதிய கடிதம் உங்கள் பத்திரிகையில் வரவே இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்தில்தான் இருக்கிறது. புயலுக்கும், படகு பிடிபட்டதற்கும் ஓடிவருகிற உங்கள் நிருபர் அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எங்கள் கரையைப் பற்றி எழுத அவ்வளவு மெனக்கெடல் போதும் என்று நினைத்துவிட்டீர்களா?

சரி, வரும் ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். சாளையைக் குடல் நீக்கிக் கழுவி, மீன் எடைக்குச் சரிசமமாக ஐஸ் போட்டு வைக்க வேண்டும் என்று. அந்தப் பெண் அதைப் படிக்க வேண்டும். தப்பு தன்மேல்தான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
தேவிபட்டினம்