இரும்புக் கடை பாய் தந்த துண்டுக் குழாய்களுக்கு நன்றி

துவாக்குடி பட்டறைத் தோழர்களுக்கும் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் குழாய் வெல்டிங் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. 11 பேர் டெஸ்ட் கொடுத்ததில் 9 பேர் பாஸ். பட்டறை மூடிய கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, அனல் மின் நிலைய வேலையை நம்பியே ஓடிய தொழிற்பேட்டையில் அந்த ஆர்டர் வற்றினால் என்ன ஆகும் என்று இங்கே டீ மாஸ்டருக்குக்கூடத் தெரியும்.

முக்கியமாக நன்றி சொல்ல வந்தது பழைய இரும்புக் கடை பாய்க்கு. 6ஜி என்கிற அந்த டெஸ்டில் குழாயை 45 டிகிரி சாய்த்து இறுக்கிவிடுவார்கள், திருப்பக் கூடாது, நாம்தான் குந்தியும் மல்லாந்தும் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். 15 வருஷம் தகடும் ஆங்கிளும் பற்றவைத்த கைக்கு அது லேசில் படியாது. பழகப் புதுக் குழாய் வாங்கக் காசு ஏது? கடனுக்குக் கேட்கத்தான் போனேன். அவர் ஆறு இஞ்ச் துண்டுகளாகப் பொறுக்கித் தராசில் போட்டு, 62 கிலோ என்று கதவில் சாக்பீஸால் எழுதினார். "எடுத்துட்டுப் போங்க தம்பி, பழகி முடிச்சதும் இங்கயே கொண்டாந்து போடுங்க. நீங்க ராடு உருக்கி ஊத்துறதுல எனக்கு எடை கூடத்தான் செய்யும்" என்றார்.

எங்கே கூடியது! வெட்டியதிலும் கிரைண்டிங்கிலும் ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு கிலோ குறைந்தது. அவர் தோள் துண்டால் பழைய எண்ணை அழித்துவிட்டு அடுத்த லோடை எழுதுவார், அவ்வளவுதான். திரும்பி வந்த துண்டின் உள்பக்கத்தை விரலால் தடவி, "இது ஒழுகும் தம்பி" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்புறம் மெஷினும் கரண்டும் கொடுத்த ஓனர், ராடு காய வைக்க அடுப்பு தந்தவர்கள், மதியம் சோறு போட்ட அக்கா, நகையை அடகு வைத்துவிட்டு வாயே திறக்காத எங்கள் வீட்டுப் பெண்கள், எல்லோருக்கும் நன்றி.

நாகப்பட்டினத்து ரயில் பட்டறை 1928 வாக்கில் நம்ம திருச்சி பொன்மலைக்கு வந்ததைப் பெருமையாகப் பேசுவோம். பட்டறை போன நாகப்பட்டினத்தில் அன்றைக்கு யார் யாருக்குக் கை கொடுத்தார்களோ, இந்த ஆறு மாதமாகத்தான் அது ஞாபகம் வருகிறது.

நாலு பேர் கல்ஃப் போகிறார்கள், தப்பில்லை. மீதி ஐந்து பேர் இங்கேயே குழாய் வேலை பிடிக்கிறோம், பால் பண்ணை, சர்க்கரை ஆலை, அரிசி ஆலை என்று நாலு இடத்தில். இனி ஒரே வாசலில் நிற்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருக்கிறோம்.

பாய், கடைசி லோடு 18 கிலோ எங்களிடம்தான் இருக்கிறது. தேறாத ரெண்டு பேரும் பழகி முடித்ததும் கொண்டுவந்து போடுகிறோம். கதவில் இருப்பதை அழித்துவிடாதீர்கள்.