“கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள்” என்று கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

உடம்புக்குள் பொருத்தும் டைட்டானியம் பீஸ்களில் எலும்பு பிடிப்பதற்காக நாங்கள் போடும் பூச்சைப் பற்றிய மடல் இது. போன வாரம் வந்த மூன்று டெலிவரி சலான்களில் ஒரே வரி: “பூச்சு கொஞ்சம் தடிமனாக வேண்டும்.” ஃபோனிலும் அதே கேள்விதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மடலாகவே எழுதிவிடுகிறேன்.

வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இது புரியும். நீர்க்க இரண்டு கை அடித்தால் நிற்கும். ஒரே கையில் கெட்டியாக அப்பினால் அடுத்த கோடைக்குள் பொருக்குப் பொருக்காக உதிரும். டைட்டானியத்தின் மேல் நாங்கள் தெளிக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட், அதாவது எலும்பிலும் பல்லிலும் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டின் நெருங்கிய உறவு, அந்த விஷயத்தில் சுண்ணாம்பு மாதிரிதான். பூச்சுப் பொடியைத் தெளிக்கும் பிளாஸ்மா சுடருக்குள், அதாவது மின்சாரத்தால் சூடேற்றிய வாயுச் சுடருக்குள், வெப்பம் 10,000 டிகிரியைத் தாண்டும். அதற்குள் போகும் பொடி உருகியும் உருகாமலும் உலோகத்தில் மோதி ஒட்டிக்கொள்கிறது. ஆறும்போது பூச்சு டைட்டானியத்தைவிட அதிகமாகச் சுருங்கப் பார்க்கும், உலோகம் விடாது. அந்த இழுபறி பூச்சுக்குள்ளேயே தங்கிவிடும். தடிமன் கூடக் கூட அது வலுத்து, ஓரத்திலிருந்து பெயர ஆரம்பிக்கும். பெயர்ந்த துணுக்கு மூட்டு உராயும் இடத்துக்குப் போனால், மணல் விழுந்த பேரிங்கின் கதைதான்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வாடிக்கையாளர் கேட்டாரே என்று 200 மைக்ரானுக்கு மேல் போட்டுக் கொடுத்தோம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பூச்சின் மேல் பசை ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனையில் பூச்சு முழுசாகப் பசையோடு வந்துவிட்டது. மொத்த லாட்டையும் எங்கள் செலவில் சுத்தம் செய்து திரும்பப் போட்டோம்.

“கோரைல் தண்டில் 150 மைக்ரான் இருக்கிறதே?” என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. 1986-இல் பிரான்சில் தொடங்கிய அந்தத் தண்டு, செயற்கை இடுப்பு மூட்டில் தொடையெலும்புக்குள் இறங்கும் பாகம், இன்றுவரை நல்ல பெயரோடுதான் இருக்கிறது. ஆனால் அதன் வடிவம், மேலிருக்கும் வரிப்பள்ளங்கள், தெளிக்கும் முறை எல்லாம் அந்தத் தடிமனோடு சேர்ந்து உருவானவை. ஆம்னிஃபிட் என்ற இன்னொரு இடுப்புத் தண்டில் 50 மைக்ரான்தான், அதுவும் நன்றாகவே நின்றது. தடிமனை மட்டும் ஒரு கேட்லாக்கிலிருந்து எடுத்து இன்னொரு பீஸில் ஒட்ட முடியாது. உங்கள் டிராயிங்கில் வேறு எண் இல்லையென்றால் 50 முதல் 80 மைக்ரானுக்குள் போடுவோம்.

தடிமனைவிட நீங்கள் எங்களை அதட்டிக் கேட்க வேண்டியவை வேறு. ஒன்று, ஒட்டும் வலு. ஐஎஸ்ஓ 13779 தரத்தின்படி சராசரி 15 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது படிகத்தன்மை. சர்க்கரைப் பாகு மெதுவாக ஆறினால் கற்கண்டு, சட்டென்று ஆறினால் கண்ணாடி மிட்டாய். நம் பூச்சிலும் அப்படிக் கண்ணாடியாகிப் போன பகுதி உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும், எலும்பு வந்து பிடிப்பதற்குள் பிடிமானம் குறைந்து போகும். சுடர் அளவு மீறினால் பொடி சிதைந்து சுட்ட சுண்ணாம்பே உண்டாகும், அது இன்னும் மோசம். படிகத்தன்மையையும் இந்தச் சிதைவையும் எக்ஸ்ரே சோதனையில்தான் பார்க்க முடியும். தெளிக்கும் வேலை சில நிமிடம்; உங்கள் லாட் இங்கே இத்தனை நாள் கிடப்பது, கூடவே தெளித்த மாதிரித் துண்டுகளின் ரிப்போர்ட்டுக்காக.

பிளாஸ்மா நேர்கோட்டில்தான் பாயும். டார்ச் வெளிச்சம் விழாத இடத்தில் பூச்சும் விழாது. 3டி பிரின்ட் செய்த வலைப்பின்னல் பீஸ்களை அனுப்பி “உள்ளேயும் வேண்டும்” என்று கேட்காதீர்கள். அதற்கு மின்வேதி முறையோ, கரைசலில் ஊறவைத்துப் படியவைக்கும் முறையோதான் சரி. இரண்டும் எங்களிடம் இல்லை.

அப்புறம் ஒரு வருத்தமான சங்கதி. சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர், பூச்சு போட்டு வாங்கிப்போன பீஸ்களை நைட்ரிக் அமிலத்தில் பாஸிவேஷன் (உலோகம் அரிக்காமலிருக்க மேற்பரப்பைப் பதப்படுத்துவது) செய்திருக்கிறார். பல்லை அரிக்கிற அமிலம் இதையும் அரிக்கும். பளபளவென்று வெறும் டைட்டானியம் திரும்பி வந்தது, “பூச்சு எங்கே?” என்ற கடிதத்தோடு. அமில வேலை எல்லாவற்றையும் எங்களுக்கு அனுப்பும் முன்பே முடித்துவிடுங்கள். முடிந்ததா இல்லையா என்று சலானில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதாத பெட்டியை இனிமேல் உங்களைக் கேட்காமல் பிரிக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் கோட்டிங் பட்டறையார்