நீதிபதியின் வாரிசு

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மாடியில் துணி காய்வதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

போன ஞாயிறு நீ போனில் சேலம் போய்வந்ததாகச் சொன்னதும், பக்கத்தில் இருந்த உன் அப்பா, "எப்போ வந்தான்? நம்மகிட்ட சொல்லவே இல்லையே!" என்று பதறிவிட்டார். பாஸ்டனுக்குப் பக்கத்திலும் ஒரு சேலம் இருக்கிறது என்று விளக்குவதற்குள் உன் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. நீ கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. "பிறக்கறதுக்கு நூறு வருஷம் முன்னாடி எவனோ ஒரு தாத்தா செய்ததுக்கு இந்த மனுஷன் எதுக்கும்மா வெட்கப்படணும்? புத்தகம் விக்க ஒரு கதைதானே?" என்று கேட்டாய். தன் முன்னோர் செய்ததற்கு வெட்கப்படுவதாக எழுதிய அமெரிக்க நாவலாசிரியர், சேலத்துக்காரர் நத்தானியல் ஹாதார்னை வகுப்பில் வருஷக்கணக்காக நடத்தியவளிடம் இப்படிக் கேட்டுவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாய். எனக்கு எழுதித்தான் தீர வேண்டும்.

முதலில் அந்தத் தாத்தாக்கள் யார் என்று பார். வில்லியம் என்பவர் 1630-இல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியவர். சிப்பாய், சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி எல்லாம் அவரே. இரண்டாம் சார்லஸ் மன்னர் கூப்பிட்டு அனுப்பியபோதுகூட லண்டனுக்கு வர முடியாது என்று மறுத்த கூட்டத்தில் இருந்தவர். அந்த நெஞ்சுரம் எனக்குப் பிடிக்கும். அதே நெஞ்சுரத்தோடுதான், வேறு விதமாகக் கடவுளைக் கும்பிட்ட குவேக்கர் பெண்களை ஊர் ஊராக இழுத்துப்போய்ச் சாட்டையால் அடிக்க உத்தரவு போட்டார். ஆன் கோல்மன் என்ற பெண்ணுக்கு நடந்தது பதிவாகியே இருக்கிறது.

அவர் மகன் ஜான். எழுத்தாளருக்குத் தாத்தாவின் தாத்தா. 1692-இல் சேலத்தில் சூனியக்காரிகள் என்று பிடித்துவந்தவர்களை விசாரித்த மாஜிஸ்திரேட் இவர். சாரா குட் என்ற ஏழைப் பெண்ணிடம் இவர் கேட்ட கேள்விகள் அப்படியே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. "எந்தக் கெட்ட ஆவியோடு உனக்குப் பழக்கம்?" என்று ஆரம்பிக்கிறார். "எதோடும் இல்லை" என்கிறாள். "இந்தப் பிள்ளைகளை ஏன் துன்புறுத்துகிறாய்?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்கிறார். துன்புறுத்தினாயா என்று கேட்கவே இல்லை, கவனித்தாயா? ஏன் என்றுதான் கேட்கிறார். தீர்ப்பு முதலில், விசாரணை அப்புறம். அந்த வருஷம் ஜூலை 19-இல் அவளைத் தூக்கில் போட்டார்கள். மொத்தம் 19 பேர் தூக்கில் போனார்கள். வழக்கை ஏற்க மறுத்த ஒரு கிழவரின் மேல் கல்லை அடுக்கிக் கொன்றார்கள்.

நீதிபதிகளில் சாமுவேல் சூவல் என்பவர் 1697-இல் பாஸ்டன் தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, பழியும் வெட்கமும் தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டார். ஜான் அப்படி எதுவும் செய்ததாகப் பதிவில்லை. 1717-இல் இறந்து, சார்ட்டர் தெருக் கல்லறையில் புதைக்கப்பட்டார். ஆக, அந்தக் குடும்பத்தில் சொல்லப்படாமல் போன மன்னிப்பு ஒன்று பாக்கி இருந்தது.

அப்புறம் அந்தக் குடும்பம் மெல்ல நொடித்துப்போனது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். நத்தானியலின் அப்பாவும் கப்பல் தலைவர்தான். 1808-இல் சுரினாமில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பையனுக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. அம்மா மூன்று குழந்தைகளோடு தன் பிறந்த வீட்டுக்கு, மேனிங் குடும்பத்துக்குத் திரும்பினார். பெரிய முன்னோர்களின் பெயர் மட்டும் இருக்கிறது, சாப்பாடு மாமன்மார் போடுகிறார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு முன்னோர்கள் மேல் பெருமையும் கூச்சமும் சேர்ந்தே வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1825-இல் கல்லூரி முடித்துவிட்டு சேலத்துக்கே வந்தார். பன்னிரண்டு வருஷம் மாடி அறையில் கிடந்தார். என்னை நானே சிறையில் போட்டுவிட்டேன், வெளியே வரச் சாவியைக் காணோம் என்று 1837-இல் கவிஞர் லாங்ஃபெல்லோவுக்கு எழுதினார். அந்த வருஷங்களில் சேலம் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து, சேலம் இருக்கிற வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பழைய சரித்திரத்தை விடாமல் படித்தார். தாத்தாக்களை அவர் சந்தித்தது வீட்டுத் திண்ணைக் கதைகளில் மட்டுமில்லை, இந்தப் பழைய ஏடுகளிலும்தான்.

அந்தக் காலத்தில்தான் தன் பெயரில் ஒரு 'டபிள்யூ' சேர்த்துக்கொண்டார். முன்னோர் எழுதிய பெயரில் அது கிடையாது. நீதிபதியிடமிருந்து விலகி நிற்கச் செய்தது இது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், உனக்கும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. விலகி நிற்க நினைத்தவர் வாழ்நாள் முழுக்க அவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பாரா?

'யங் குட்மேன் பிரவுன்' 1835-இல் வந்த சிறுகதை. ராத்திரியில் காட்டுக்குள் போகிற ஒரு இளைஞனிடம் சாத்தான், உன் குடும்பம் எனக்கு ரொம்பப் பழக்கம் என்கிறான். உன் தாத்தா சேலம் தெருவில் குவேக்கர் பெண்ணைச் சாட்டையால் அடித்தபோது நான்தான் கூட இருந்தேன். உன் அப்பா செவ்விந்தியர் கிராமத்துக்குத் தீ வைக்கப் பந்தம் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். கதையில் வரும் பெயர் வேறு. ஆனால் அந்தச் சாட்டை வில்லியமுடையது. புத்தகம் விற்பதற்காகச் செய்ததா இது? அந்தக் கதைகளை அவர் பெயர் போடாமல்தான் பத்திரிகைகளில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். யாருடைய தாத்தா என்று எந்த வாசகருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வெளிப்படையாகச் சொன்னது 1850-இல். அதற்கு முந்தைய வருஷம் அவருக்குப் போதாத காலம். சேலம் சுங்க அலுவலகத்தில் வேலை, வருஷத்துக்கு 1,200 டாலர். ஆட்சி மாறியது, 1849 ஜூனில் வேலை போனது. ஜூலை 31-ஆம் தேதி அம்மா போனார். அந்தக் கடைசி நாட்களைப் பற்றிய குறிப்பேட்டுப் பக்கங்களைப் பல தடவை படித்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மகள் ஊனா குதித்து விளையாடுகிறாள், உள்ளே அம்மா மூச்சுக்குத் திணறுகிறார், நடுவில் இவர் நிற்கிறார். அந்த வேகத்தில் உட்கார்ந்து எழுதியதுதான் 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. முடிவை மனைவி சோஃபியாவுக்குப் படித்துக்காட்டியபோது, அவர் தலைவலியோடு படுக்கைக்குப் போய்விட்டாராம். அதைப் பெரிய வெற்றியாக நண்பருக்கு எழுதியிருக்கிறார். எழுத்தாளர்களைக் கட்டிக்கொள்வது லேசில்லை.

நாவலுக்கு முன்னால் சுங்க அலுவலகத்தைப் பற்றி ஒரு நீண்ட முன்னுரை. அலுவலக மாடியில் பழைய காகிதங்களுக்கு நடுவே கதை நாயகி ஹெஸ்டர் மணவாழ்க்கை மீறியதற்குத் தண்டனையாக மார்பில் அணிந்த, சிவப்புத் துணியில் தைத்த 'ஏ' எழுத்தைக் கண்டெடுத்ததாக அதில் எழுதுவார். சுத்தக் கற்பனை. என் மாணவிகள் வருஷா வருஷம் நம்பினார்கள். அந்தத் தண்டனை மட்டும் கற்பனை இல்லை. பிளிமத் குடியிருப்பில் 1658-இல் போட்ட சட்டம், மணவாழ்க்கை மீறியவர்கள் உடையில் எழுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது.

அந்த முன்னுரையில்தான் இரண்டு தாத்தாக்களும் நேராக வருகிறார்கள். சூனியக்காரிகளின் ரத்தக்கறை ஜானின் எலும்பில்கூட இன்னும் இருக்கும், எலும்பு மண்ணாகாமல் இருந்தால் என்கிறார். அவர்களுடைய பிரதிநிதியாக அந்த வெட்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஏதாவது சாபம் இருந்தால் இத்தோடு நீங்கட்டும் என்றும் எழுதுகிறார். நீ கேட்டது இந்த இடத்தைத்தான். இதற்கு அடுத்தாற்போல் வருவதையும் நீ படித்திருக்க வேண்டும். இரண்டு தாத்தாக்களும் இவரைப் பார்த்துத் தங்களுக்குள் முணுமுணுக்கிறார்கள். கதைப் புத்தகம் எழுதுகிறானாமே, இதெல்லாம் ஒரு பிழைப்பா, இதற்குப் பிடில் வாசிக்கப் போயிருக்கலாமே! இப்படி அவர்கள் வாயால் தன்னைத் திட்டிவிட்டு, என்னை எவ்வளவு ஏளனம் செய்தாலும் அவர்கள் குணம் என்னோடு பின்னிக்கிடக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்.

எனக்கு வெட்கத்தைவிட இந்த ஒப்புதல்தான் முக்கியம். தாத்தாக்களைப் போன்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களின் மதத்தை அவர் கடைப்பிடிக்கவில்லை, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற ஆளும் இல்லை. ஆனால் அவர்களுடைய கண் அவருக்கு வந்துவிட்டது. தன் மனதைத் தானே தோண்டிப் பார்ப்பது, எவ்வளவு நல்லவனுக்குள்ளும் ஒளிந்த பாவம் இருக்கும் என்று சந்தேகிப்பது, வானத்தில் ஒரு எரிகல் விழுந்தால்கூடக் கடவுள் எதையோ சொல்கிறார் என்று படிப்பது, இதெல்லாம் அவர்கள் பழக்கம். நாவலில் ஹெஸ்டரின் ரகசியக் காதலரான பாதிரியார் டிம்ஸ்டேல் நள்ளிரவில், குற்றவாளிகளை ஊர் பார்க்க நிறுத்தும் மேடையில் நிற்கும்போது வானத்தில் 'ஏ' தெரிகிறதே, அதை ஒரு பியூரிட்டன் வாரிசுதான் எழுத முடியும். ஆனால் தாத்தாக்கள் அந்தக் கண்ணை அடுத்தவர் மேல் திருப்பினார்கள். இவர் நீதிபதிகளின் பக்கம் திருப்பினார். ஊரே குற்றவாளி என்று நிறுத்திவைத்த ஹெஸ்டர்தான் அந்தக் கதையில் நிமிர்ந்து நிற்கிறாள். நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 1850-லேயே இதைப் பிடித்துவிட்டார். ஹாதார்னுடைய எழுத்தில் இருக்கிற இருட்டுக்குப் பலமே, மனிதன் பிறவியிலேயே பாவி என்கிற அந்தப் பழைய கால்வினிய உணர்விலிருந்து வருகிறது என்று எழுதினார். மறுவருஷம் தன் 'மோபி டிக்'கை ஹாதார்னுக்கே சமர்ப்பித்தார்.

தூக்கில் போடும் முன் சாரா குட், தன்னைச் சூனியக்காரி என்ற பாதிரியாரிடம், "என் உயிரை எடுத்தால் கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார்" என்றதாகச் சொல்வார்கள். தாத்தா விசாரித்த பெண்ணின் அந்தச் சாபத்தை ஹாதார்ன் எடுத்து, 1851-இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்' என்ற ஏழு முகட்டு வீட்டு நாவலில் வேறொருவர் வாயில் வைத்தார். ஒரு தலைமுறை செய்த தவறு அடுத்தடுத்த தலைமுறைகளிலும் உயிரோடு இருக்கும் என்று முன்னுரையில் சொல்கிறார். நாவல் எனக்குக் கொஞ்சம் இழுவை. அது கிடக்கட்டும்.

சரி, எனக்கு அவர் மேல் உள்ள கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை வகுப்பில் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. 1852-இல் கல்லூரி நண்பர் பிராங்க்ளின் பியர்ஸ் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது, அவருக்காக ஹாதார்ன் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். அதில் அடிமை முறையைப் பற்றி என்ன சொல்கிறார் தெரியுமா? மனித முயற்சியால் தீர்க்கக் கடவுள் விட்டுவைக்காத தீமைகளில் அதுவும் ஒன்று, உரிய காலத்தில் கனவு போல மறைந்துவிடும் என்கிறார். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் சட்டம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது! செத்துப்போன தாத்தாவின் சாட்டைக்கு வெட்கப்பட்டவருக்குத் தன் காலத்தில் சுழன்ற சாட்டை கண்ணில் படவில்லை. பியர்ஸ் ஜெயித்ததும் லிவர்பூலில் அமெரிக்கத் துணைத் தூதர் (கான்சல்) வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கலாம். ஆனால் அவர் ஆதாயத்துக்கு மட்டும் செய்தவராகத் தெரியவில்லை. 1863-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடுவில், பியர்ஸின் பெயரே வடக்கில் நாறிக்கிடந்தபோதும், பதிப்பாளர் தடுத்தும் கேட்காமல், புத்தகத்தை அவருக்கே சமர்ப்பித்தார். தாத்தாக்களிடமிருந்து அவர் கற்ற பாடம் இங்கே அவரைக் கவிழ்த்துவிட்டது என்று நினைக்கிறேன். கடவுள் எங்கள் பக்கம் என்று நம்பி வரிந்துகட்டும் ஆட்களைக் கண்டாலே அவருக்குப் பயம். அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்களிடமும் அவர் அந்தப் பழைய முகத்தைத்தான் பார்த்தார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டதும் அந்த வீட்டுச் சொத்துதான். உன் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: அவர் வெட்கம் நிஜம். ஆனால் அது பின்னோக்கி மட்டும் பார்த்தது.

கடைசி மகள் ரோஸ் வேறு மாதிரி. 1891-இல் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். பியூரிட்டன் தாத்தாக்கள் கேட்டிருந்தால் கல்லறையில் புரண்டிருப்பார்கள். பிறகு நியூயார்க்கில், புற்றுநோய் முற்றி யாரும் பார்க்காத ஏழைகளைத் தானே கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டார். கன்னியாஸ்திரீகளின் சபை ஒன்றைத் தொடங்கினார். அந்தச் சபை இன்றும் அந்த வேலையைத்தான் செய்கிறது, காசு வாங்குவதில்லை. ஹாதார்னின் பெயர் அந்தச் சபையின் பெயரிலும் இருக்கிறது.

அடுத்த தடவை போனால் அக்டோபரில் போகாதே. சூனியக்காரித் தொப்பிக் கூட்டத்தில் எதுவும் பார்க்க முடியாது. சார்ட்டர் தெருக் கல்லறையை ஒட்டி, செத்த இருபது பேருக்கும் 1992-இல் கல் இருக்கைகள் வைத்திருக்கிறார்கள், அங்கே கொஞ்சம் இரு. படிப்பதென்றால் 'யங் குட்மேன் பிரவுன்' முதலில், ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாவலை எடுத்தால் முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதே, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். படித்துவிட்டு நான் ஹாதார்ன் மேல் கோபப்பட்டது சரியா தப்பா என்று எழுது. போனில் வேண்டாம், உன் அப்பா குறுக்கே பேசுவார்.

மருமகளிடம் என் அன்பைச் சொல். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் வருகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா