கறுவல் தோற்ற கதையும் ஆறு சிங்கங்களும்

மச்சான்,

உன் குரல்பதிவு கிடைத்தது. முழங்கால் நோவு, அங்கத்தைப் பனி, மகனுக்குப் பார்க்கிற சம்பந்தம், எல்லாவற்றையும் இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். இங்கே பெரும்போக விதைப்பு முடிந்து, மாடுகளை வயல் வட்டையில் இருந்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்தாயிற்று. வேறு புதினம் என்றால் நம்முடைய பட்டியில் நடந்த சண்டைதான். எட்டு வருசம் பட்டியை ஆண்ட கறுவல் நாம்பன், எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு சிவலையிடம் தோற்றுப்போனான். கொம்போடு கொம்பு பூட்டி, முன்னங்கால் இரண்டும் சேற்றில் புதைய, வாயில் நுரை தள்ளத் தள்ள நின்றவன் திடீரென்று திரும்பி ஓடினான். இப்போது பட்டியில் இருந்து ஐம்பது யார் தள்ளித்தான் படுக்கிறான்.

இதைப் பேரனிடம் சொல்லப்போக, அவன் ஃபோனில் சிங்கச் சண்டை ஒன்றைக் காட்டிவிட்டான். அன்று போன நித்திரைதான். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் பூங்காவை ஒட்டி சபி சாண்ட் என்று ஒரு காடு, அங்கே 2006 அளவில் மாப்போகோ என்ற ஆறு ஆண் சிங்கங்கள் சேர்ந்து வந்து பெரிய நிலப்பரப்பையே பிடித்திருக்கின்றன. ஐந்து ஒரே கூட்டத்தில் பிறந்தவை, ஆறாவது மகூலு, மூத்தவன், வெளியே இருந்து வந்து ஒட்டியவன். போகிற இடமெல்லாம் பழைய ஆண்களைத் துரத்துவது, குட்டிகளைக் கொல்வது. குட்டியைக் கொல்வது வெறும் வெறி என்று நினைத்தேன், அப்படி இல்லை. குட்டி இருந்தால் தாய் ஏறக்குறைய இரண்டு வருசத்துக்குத் திரும்பச் சினைப்படாது, ஒரு ஆணின் ஆட்சியோ பல இடங்களில் இரண்டு மூன்று வருசம்தான். காத்திருந்தால் அவனுடைய காலமே முடிந்துவிடும்.

மாடு தனியாளாக மோதும், சிங்கம் ஆள் சேர்த்துக்கொண்டுதான் மோதும். இரண்டு வயது தாண்டியதும் இளம் ஆண்களைக் கூட்டத்தில் இருந்து விரட்டிவிடுவார்கள், அண்ணன் தம்பி, ஒன்றுவிட்ட சகோதரம் என்று சேர்ந்து அலையும், சில வேளை ஒரு ஊருப்பேரும் தெரியாதவனையும் சேர்த்துக்கொள்ளும். தன்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்களைப் பல வருசம் ஆராய்ந்த கிரேக் பேக்கர் சொல்கிறார், அங்கே நாலு அல்லது அதற்கு மேற்பட்ட பெரிய கூட்டு என்றால் அது சொந்தக்காரர்தான், அந்நியனோடு சேர்வது இரண்டு மூன்று பேர் அளவில்தான். பெரிய கூட்டில் எல்லாருக்கும் சம பங்கு கிடையாது, சில பேர்தான் தகப்பன் ஆவான், மற்றவன் சகோதரன் பிள்ளைக்காகக் காவல் நிற்கிறான். குஜராத்தின் கீர் காட்டில் இன்னும் மோசம், அங்கே ஆண்கள் பெண்களோடு சேர்ந்து வாழ்வதே குறைவு, இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து திரிந்தாலும் பெரியவனுக்கே பெரும்பங்கு.

சரி, மாப்போகோவுக்கு வருகிறேன். இவர்களை வெளியாள் மட்டும் விழுத்தவில்லை மச்சான். இரண்டு பேர், மிஸ்டர் டி என்பவனும் வால்நுனி கோணிய கிங்கி டெயிலும், பிரிந்து கிழக்கே போய்த் தனியாட்டம் போட்டார்கள். 2010 ஜூனில் மாஜிங்கிலானே என்ற ஐந்து பேர் அந்தப் பக்கம் வந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவர்களில் ஒருவனைக் கொன்றார்கள், மிஞ்சிய நாலும் திரும்பி வந்து கிங்கி டெயிலை முடித்துவிட்டது. தப்பிய மிஸ்டர் டி சகோதரர்களிடமே ஓடி வந்து, அவர்களுடைய குட்டிகளைக் கொன்றான். 2012இல் அவனையும் வேறொரு கூட்டம் கொன்றது. கடைசியில் மிஞ்சின இரண்டு பேரில் ஒருவன் மகூலுவாம், அந்த வெளியாள்! நம்முடைய குடிவழி, கோத்திரம் எல்லாம் நினைவுக்கு வந்து சிரித்தேன்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. சிங்கத்தின் கர்ச்சனை எட்டுக் கிலோமீற்றர் கேட்குமாம், கல்லடியில் கத்தினால் ஆரையம்பதியில் ஆள் எழும்புவான். செரங்கெட்டியில் அந்நியப் பெண்களின் கர்ச்சனையை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துப் பெண் சிங்கங்கள் சத்தம் வந்த பக்கம் நடந்து வந்தன, ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் இல்லை. சில எப்போதும் முன்னால், சில எப்போதும் பின்னால் பம்மிக்கொண்டு. முன்னால் போகிறது நின்று திரும்பிப் பார்க்குமாம், பிறகு நடக்குமாம். பின்தங்கியதை ஒருநாளும் கடித்துக் குதறவில்லையாம்.

கொம்புமுறி ஞாபகம் இருக்கா, ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நின்று, பூட்டிய இரண்டு கொம்புகளை வடம் பிடித்து இழுப்போமே? வடசேரி வடத்தை நாங்கள் எல்லாரும் கை கிழிய இழுக்க, நீ மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு, வாய் நிறைய சத்தம் போட்டு, கயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். கொம்பு முறிந்து தென்சேரிக்காரன் வசை பாடும்போது நீதான் எங்கள் பக்கத்தில் பெரிதாக ஏசினாய். நாற்பத்தைந்து வருசமாக நான் சொல்லாத கதை இது, சிங்கத்தால் வெளியே வந்துவிட்டது. கோபிக்காதே.

கறுவலை விற்கச் சொல்லி மகன் நிற்கிறான். நான் இன்னும் தலையாட்டவில்லை. வைகாசியில் அம்மன் சடங்குக்கு வருவாய் என்றாயே, வந்தால் பட்டிக்குக் கூட்டிப்போகிறேன். இப்போது பார்த்தால் இரண்டு கன்றுகள் அவனுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கத் தொடங்கியிருக்கின்றன.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் சுகம் சொல்லு.