ஆலன் கீயைக் கீழே வை, முதலில் இதைப் படி

தம்பி,

நேற்று ராத்திரி போனில் நீ கிடார் வாசித்துக் காட்டினாயே, அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "ட்ரஸ் ராடை ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கிறேன்மா" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு வைத்துவிட்டாய். கிடார் கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை ஒரு சுற்றாம், அதுவும் இறுக்குகிறானாம்! அதற்கு அப்புறம் எனக்கு எங்கே தூக்கம் வந்தது?

இரைச்சல் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில் முதல் மூன்று நான்கில், அதாவது முதல் மூன்று நான்கு ஃப்ரெட்டில்தான், ஐந்துக்கு மேலே சுத்தமாகக் கேட்கிறது என்றாய். போன வாரம் விரல் வலிக்கிறதென்று 12 செட் கம்பியைக் கழற்றிவிட்டு அதைவிட மெல்லிய 10 செட் மாட்டினதாகவும் போகிற போக்கில் சொன்னாய். விஷயமே அதில்தான் இருக்கிறது. 12 செட் ஆறு கம்பியும் சேர்ந்து நெக்கை, அதான் கிடாரின் கழுத்தை, 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி அந்த இழுப்புக்குச் சரியாக எதிர்ப்பக்கம் முறுக்கி வைக்கப்பட்டிருந்தது. நீ மெல்லிய கம்பி மாட்டியதும் இழுப்பு பத்து கிலோவுக்கு மேல் குறைந்துபோச்சு, ராடு மட்டும் பழைய முறுக்கிலேயே இருக்கிறது. அப்போது நெக் பின்னால்தானே வளையும்? பின்னால் வளைந்த நெக்கை நீ இன்னும் இறுக்கினால் இன்னும் பின்னால்தான் போகும். உனக்கு வேண்டியது தளர்த்துவது, இறுக்குவது இல்லை.

நெக் ஸ்கேல் மாதிரி நேராக இருக்க வேண்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். தடித்த கம்பியை மீட்டிவிட்டு பக்கவாட்டில் குனிந்து பார், நடுவில் எவ்வளவு அகலமாக ஆடுகிறது, ஓரங்களில் எவ்வளவு ஒடுங்குகிறது என்று தெரியும். அந்த ஆட்டத்துக்கு இடம் விட நெக் முன்பக்கமாக ஒரு துளி குழிந்திருக்க வேண்டும். துளி என்றால் கால் மில்லிமீட்டர்.

அதை அளக்க நீ எதுவும் வாங்க வேண்டாம். முதலில் ட்யூன் பண்ணு, ட்யூன் பண்ணாத கிடாரை அளக்கவே கூடாது. மேசையில் படுக்க வைக்காமல் வாசிக்கிற மாதிரியே மடியில் வைத்துக்கொள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, அதான் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப், போட்டுவிட்டு, நெக்கும் உடம்பும் சேருகிற இடத்தில், உன்னுடையதில் அது 14ஆவது ஃப்ரெட், தடித்த கம்பியை ஒரு விரலால் அழுத்து. இப்போது அந்தக் கம்பியே உனக்கு ஸ்கேல். ஏழாவது ஃப்ரெட் மேல் விரலால் தட்டிப் பார், 'டிக்' என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தால் இடைவெளி இருக்கிறது. விசிட்டிங் கார்டு ஒன்று உரசாமல் உரசி நுழைந்தால் போதும், அது ஏறக்குறைய 0.3 மி.மீ. தட்டினால் கம்பி அசையவே இல்லை, ஏற்கனவே ஃப்ரெட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றால் நான் சொன்னதுதான். உனக்கு அப்படித்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

சரி, தளர்த்துவது எப்படி? ஒலித்துளைக்குள் கையை விட்டால் ராடின் முனை தட்டுப்படும். ஆலன் கீயை, அந்த அறுகோணத் திருகியை, அதில் மாட்டி, கீ பிடித்திருக்கும் பக்கத்திலிருந்து பார்த்து, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகக் கால் சுற்று. முதல் தடவை அதிலும் பாதி போதும். மறுபடி ட்யூன் பண்ணி மறுபடி அள. மரம் உடனே சொல் பேச்சுக் கேட்காது, ஒரு ராத்திரி விட்டு மறுநாள் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். உன் அவசரத்துக்கு இது கஷ்டம்தான், தெரியும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் என் பழைய கிடார். அதன் முனை 5 மி.மீ. கையில் கிடைத்த கீ அங்குலக் கணக்கில் 3/16, அதாவது 4.76. உள்ளே நுழைந்தது, கொஞ்சம் லூஸாக ஆடியது, "பரவாயில்லை" என்று அழுத்தித் திருப்பினேன். கையில் 'நறுக்' என்று ஒரு வழுக்கல், அந்த உணர்வு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அறுகோணம் வட்டமாகிவிட்டது. கிடார் ரிப்பேர் செய்பவர் கொஞ்சம் பெரிய கீயை உள்ளே தட்டி இறக்கி ஒரு வழியாகத் திருப்பிக் கொடுத்தார், அதற்கு அப்புறம் அந்த ராடை யாரும் தொடவில்லை. ஆடுகிற கீயைப் போடாதே. கால் சுற்றுக்கும் மசியாமல் முரண்டு பிடித்தாலும் விட்டுவிடு.

இன்னொன்று, கம்பி உயரமாக இருக்கிறது என்று ராடைத் திருகுகிறவர்கள் உண்டு. உயரம் கம்பி இரண்டு முனையிலும் உட்காருகிற கட்டைகளில், உடம்புப் பக்கத்து சேடிலிலும் தலைப்பக்கத்து நட்டிலும், தீர்க்கிற விஷயம். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே இரைந்தாலும் ராடிடம் போகாதே. காற்றில் ஈரப்பதம் 45க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் நெக் அதிகம் அலையாது, ஹீட்டர் பக்கத்தில் மட்டும் சாய்த்து வைக்காதே. இந்த ட்ரஸ் ராடுக்கு கிப்சன் கிடார் கம்பெனியில் இருந்த தேடியஸ் மெக்ஹ்யூ என்பவர் 1921இல் விண்ணப்பித்து 1923இல் காப்புரிமை வாங்கினாராம். இழுப்பைத் தாங்க நெக்கைத் தடியாகச் செதுக்கிக்கொண்டிருந்த காலம் அது. உன் சின்னக் கைக்கு அந்த மனிதருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கிடார் பையின் முன் ஜிப்பைத் திறந்து பார். நீ கிளம்பும்போதே 5 மி.மீ. கீயை அதில் போட்டு வைத்தேன், மற்றதோடு கலக்காமல் இருக்க நீல டேப் சுற்றியிருக்கிறேன். திருகுவதற்கு முன்னால் ஏழாவது ஃப்ரெட்டைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா