மெயின் பொயின்டில் ஆட்களை இறக்கும் தம்பிமாருக்கு

கிழக்கிலங்கை அறுகம்பையில் சர்ஃபிங் (அலைச்சறுக்கு) சொல்லிக்கொடுக்கும் தம்பிமாரே,

உங்கள் பிழைப்பில் கை வைக்க இதை எழுதவில்லை. நானும் இதே அலையில் விழுந்து எழும்பிப் பழகியவன்தான். ஆனால் முதல் நாள் போர்டில் ஏறுகிறவரை, பாறையில் அலை உடையும் மெயின் பொயின்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதை விடுங்கள்.

அந்த அலையின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெற்கே ஆழக்கடலில் கிளம்பி வருவது, முனையைச் சுற்றி வளைந்து, வெளிப்பாறையில் முதலில் உடைந்து, அப்படியே குடாவுக்குள் உடைந்துகொண்டே ஓடும். கரையை நோக்கிச் சறுக்குகிறவருக்கு அது வலப்பக்கம். மணலில் நின்று பார்க்கிறவருக்கு இடப்பக்கம். மே தொடங்கி செப்டெம்பர் வரை தரையிலிருந்து வீசும் கச்சான் காற்று அதன் முகத்தைச் சீவி வைத்துவிடும். இந்த ஒழுங்குதான் சிக்கலும். மணல் திட்டில் உடையும் அலை என்றால் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடலாம். இங்கே ஏறும் இடம் ஒன்றுதான், எல்லாரும் அங்கேதான் காத்துக் கிடக்கிறோம்.

அதனால்தான் முறை என்று ஒன்று இருக்கிறது: உடையும் நுரைக்குக் கிட்ட எழும்பியவருக்கே அலை. நீங்களோ இன்னும் உடையாத பக்கத்தில் ஆளைப் படுக்க வைத்து, பின்னாலிருந்து தள்ளிவிடுகிறீர்கள். பாவம், அவருக்குத் திரும்பிப் பார்க்கவே தெரியாது. 8 அடி போர்ட், அதைக் காலோடு கட்டும் கால்கயிறும் ஏறக்குறைய அதே நீளம். விழுந்தால் சுற்றிலும் 16 அடிக்குள் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். போன பருவத்தில் அப்படி வந்த ஒரு போர்டின் அடியிலிருக்கும் துடுப்பு என் கெண்டைக்காலைக் கிழித்தது. தள்ளிவிட்ட தம்பி அடுத்த அலைக்கு அடுத்த ஆளைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார்.

புதியவரைப் பழக்க பேபி பொயின்ட் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே விஸ்கி பொயின்ட், தெற்கே பீனட் ஃபாம். (பீனட் என்றால் நிலக்கடலை, நம் பேச்சில் அதுவும் கச்சான்தான். கச்சான் காற்றுக்குக் கச்சான் தோட்டம், பெயர் பொருந்தித்தான் இருக்கிறது.) ஓட்டோவில் போகிற தூரம்தானே?

சரி, பழகிய பிறகு மெயின் பொயின்டுக்குக் கூட்டி வருவதென்றால் கரையிலேயே மூன்றைச் சொல்லிக்கொடுங்கள். நுரைப் பக்கம் பார்த்துவிட்டு ஏறுவது. திரும்பி வரும்போது சறுக்குகிறவர் பாதையைக் குறுக்கறுக்காமல் சுற்றிப் போவது. விழும்போது காலை ஊன்றாமல் தட்டையாக விழுவது. கீழே மணல் இல்லை, பாறை.

காலை 6 மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன். கோபமென்றால் நேரில் வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்