தமிழ் வினாத்தாளை ஜஸ்டிஃபை செய்யச் சொல்லும் அந்த ஒரு வரியை நீக்குங்கள்

தமிழ்மொழி மூல வினாத்தாள்களையும் பயிற்சிக் கையேடுகளையும் அச்சிடும் பொறுப்பிலுள்ள பெருமதிப்புக்குரியோருக்கு,

வணக்கம். வினாத்தாள் அமைப்புப் பற்றி இம்முறை நீங்கள் அனுப்பிய அறிவுறுத்தலில், எல்லாப் பகுதிகளும் இரு பக்கமும் நேராக வரும்படி ஜஸ்டிஃபை செய்யப்பட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. லெஃப்ட் அலைனில், அதாவது இடப்பக்கம் மட்டும் நேராக, ஒழுங்காக அமைத்துக் கொடுத்த தாள்கள் அந்த வரியைக் காட்டியே திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. அதை நீக்கிவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

தரம் 5 கணிதத் தாளில் ‘நேர்கோட்டை வரைக’ என்று ஒரு வினா வருகிறது என்று வையுங்கள். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் ‘கோ’ ஓர் எழுத்து அல்ல. இரட்டைக் கொம்பு, ககரம், அரவு என மூன்று விசைகள். மென்பொருளுக்கு அவை மூன்று ஆங்கில எழுத்துகள்தான். பந்தியின் மொழி ஆங்கிலம் என்று இருந்து, ஹைஃபனேஷனும் (வரியின் கடைசியில் சொல்லைக் கோடிட்டு முறிக்கும் வசதியும்) இயங்கிக்கொண்டிருந்தால், வரியை நிரப்புவதற்காக மென்பொருள் ஆங்கிலச் சொல்லை முறிப்பதுபோல இதையும் முறித்துவிடக்கூடும். அப்போது கொம்பு மேல்வரியின் கடைசியில் ஒரு சிறு கோட்டுடன் தங்கிவிட, கீழ்வரி ‘காட்டை வரைக’ என்று தொடங்குகிறது. பத்து வயதுப் பிள்ளை காட்டை வரைந்தால் அது பிள்ளையின் பிழையா? கோல் காலாகும், தோள் தாளாகும். பரீட்சை மண்டபத்தில் கேட்டுத் தெளியவும் வழியில்லை. அந்த வினாவுக்குரிய புள்ளி போய்விடுகிறது.

பிள்ளைக்குத் தெரியாததால் போகவில்லை. வலப்பக்க ஓரம் நேராக இருக்க வேண்டும் என்பதற்காகப் போகிறது.

இது தமிழில் மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகிறது என்பது கணக்குப் பார்த்தால் விளங்கும். ஏ4 தாளில் இரு ஓரமும் 20 மி.மீ., நடுவில் 6 மி.மீ. விட்டு இரண்டு நிரலாகப் பிரித்தால், ஒரு நிரலுக்குக் கிடைப்பது 82 மி.மீ. அதில் 12 புள்ளி எழுத்தளவில் ஆங்கிலம் ஆறேழு சொல் கொள்ளும். தமிழ், எழுத்துருவைப் பொறுத்து, மூன்று சொல்லோ நான்கு சொல்லோதான். ‘கொடுக்கப்பட்டுள்ளவற்றுள்’ போன்ற ஒரு சொல் இடம்போதாமல் கீழே இறங்கினால், மேல்வரியில் மிஞ்சிய 14 மி.மீ. வெற்றிடத்தை இரண்டே இடைவெளிகள் பங்குபோட வேண்டும். ஆளுக்கு 7 மி.மீ. கூடுகிறது. ‘கீறிட்ட இடங்களை நிரப்புக’ என்று கேட்கும் தாளில், எது நிரப்ப விட்ட இடம், எது மென்பொருள் விட்ட இடம் என்று பிள்ளை எப்படிப் பிரித்தறியும்?

அந்தக் கீறுகளே இன்னொரு தொல்லை. அடிக்கோட்டு விசையை இருபது தடவை அழுத்திப் போட்ட கீற்றை மென்பொருள் முறிக்க முடியாத ஒரே நீண்ட சொல்லாகக் கொள்கிறது. அது அப்படியே அடுத்த வரிக்குப் போகிறது. விட்டுப்போன வரி இழுபடுகிறது. டாப் லீடரால் (டாப் விசையை அழுத்தியதும் தானாகக் கீறு போடும் வசதியால்) 25 மி.மீ. அளவில் கீறினால் இது வராது. விடைத் தெரிவுகளை ஸ்பேஸ் பாரால் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு ஜஸ்டிஃபை செய்தால் ஒவ்வொரு வினாவிலும் (2) வேறுவேறு இடத்தில் நிற்கும். அங்கேயும் டாப் போட வேண்டும். வேர்டில் தட்டச்சு செய்வோர் வரியை ஷிஃப்ட் என்டரால் முறிக்கும்போது, பாதியில் நிற்க வேண்டிய கடைசி வரியும் ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

எழுத்து இடைவெளி பற்றித் தனியே சொல்ல வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் லெட்டர் ஸ்பேஸ் மேக்சிமம் 25 என்று விட்டுவைத்தால், சொல்லிடைவெளி போதாத வரியில் எழுத்துகளும் விலகத் தொடங்கும். கொம்பும் அரவும் தம் எழுத்தை விட்டு ஒதுங்கும். அதே வகை மென்பொருளான இன்டிசைனில் ஜஸ்டிஃபிகேஷன் பெட்டியின் அடியில் சிங்கிள் வேர்ட் ஜஸ்டிஃபிகேஷன் என்ற தெரிவு ஃபுல் ஜஸ்டிஃபை என்றே வருகிறது. ஒரு வரியில் ஒரே சொல் நிற்பது ஆங்கிலத்தில் அபூர்வம், ஒடுங்கிய நிரலில் தமிழுக்கு அன்றாடம். அதை அலைன் லெஃப்ட் என்று மாற்றாவிட்டால் அந்தத் தனிச்சொல்லின் எழுத்துகள் நிரல் முழுதும் சிதறும்.

இதெல்லாம் ஒரு தாளின் சிக்கல் மட்டுமா? மும்மொழிப் படிவங்களில் சிங்களமும் ஆங்கிலமும் முதலில் அமைகின்றன. மிஞ்சிய பெட்டிக்குள் தமிழ் ஊற்றப்படுகிறது. மூன்று நிரலுக்கும் ஒரே அகலம், ஒரே ஜஸ்டிஃபை. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவர் கைக்கு வரும் தமிழ்ப் படிவம், படித்துப் பார்த்து அச்சுக்கு விட்டதாகத் தெரிவதில்லை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ டி.டி.பி. (கணினியில் பக்க அமைப்பு) செய்யும் பிள்ளைகள் இதைச் சரிசெய்யத் தெரியாதவர்கள் அல்லர். சரிசெய்தால் திருப்பி அனுப்புகிறீர்கள். கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம், பொறுத்தருளுங்கள்.

ஜஸ்டிஃபையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 110 மி.மீ.க்குக் குறையாத ஒற்றை நிரலில், பெரியவர்கள் படிக்கும் நூலுக்கு அது அழகாகவே அமையும். அதற்கும் யூனிகோட் எழுத்துரு வேண்டும். பந்தியின் மொழி தமிழ் என்றிருக்க வேண்டும். இன்டிசைனில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தெரிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சொல்லிடைவெளி குறைந்தது, வேண்டியது, கூடியது என்ற மூன்று கட்டத்தில் 80, 100, 133 சதவீதம் என்று இருக்கட்டும். எழுத்திடைவெளி மூன்று கட்டத்திலும் 0. எழுத்தின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளிஃப் ஸ்கேலிங் 98, 100, 102க்கு மேல் போக வேண்டாம். சொல் முறிய நேர்ந்தால் புள்ளி வைத்த மெய் வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது, ஓர் எழுத்து மட்டும் தனித்து நிற்கவும் கூடாது. இவ்வளவும் பார்க்க ஆளும் நேரமும் இல்லாத இடத்தில், வேர்டில் கன்ட்ரோல் எல் அழுத்தி இடப்பக்கம் ஒழுங்காக்கி விடுவதே பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை. வலப்பக்க ஓரம் மேடுபள்ளமாக இருப்பதால் எந்தப் பிள்ளையும் வினாவைப் பிழையாக வாசிப்பதில்லை.

ஆகவே மீண்டும் அதையே பணிவுடன் கேட்கிறோம். அடுத்த தவணைத் தாள்கள் அச்சுக்குப் போகுமுன் அறிவுறுத்தலிலிருந்து அந்த வரியை நீக்குங்கள். இரண்டு நிரல்களில் அமையும் தமிழ்த் தாள்களை லெஃப்ட் அலைனில், ஹைஃபனேஷனை நிறுத்தி, அமைக்கலாம் என்று எழுத்தில் தாருங்கள். திருப்பி அனுப்பப்பட்ட தாள்களை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அச்சுக்கு முன் ஒரு பிரதியை, தட்டச்சு செய்தவர் அல்லாத ஓர் ஆசிரியர் வாய்விட்டு வாசித்துப் பார்க்க ஏற்பாடு செய்தால் மிக்க நன்றியுடையவர்களாவோம்.

இங்ஙனம்,
மலையகத்தில் பக்க வடிவமைப்புப் பணியில் உள்ளோர்